சுனையில் தண்ணீர் இருந்ததா?

செஞ்சிக்குக் கிளம்புகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ராஜகிரி உச்சி வரைக்கும் போவியா? போனா சுனையில தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு வா."

அவருக்கு 74 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டு வாசற்படியைக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். சின்ன வயதில் ஆண்டு தவறாமல் செஞ்சிக் கோட்டையின் அந்த மலையில் ஏறியவர். எங்கள் ஊர் செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சித்திரையில் கமலக்கண்ணி அம்மனுக்குத் திருவிழா என்றால், புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியும் முன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்களாம். அம்மன் கோயில் மலையின் பாதி வழியில் இருக்கிறது. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். பையன்கள் அதோடு நிற்கமாட்டார்கள். உச்சி வரை ஓடி, சுனைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். "ஐஸ் மாதிரி இருக்கும்டா" என்று அப்பா இன்றும் சொல்வார். சித்திரை வெயிலில், 800 அடி உயர மொட்டைப் பாறையின் தலையில், ஐஸ் மாதிரித் தண்ணீர்.

நான் அந்தக் கோட்டைக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பள்ளிச் சுற்றுலா. தயிர்சாதப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது தவிர வேறெதுவும் நினைவில்லை. இரண்டாவது, கல்லூரி நண்பர்களோடு. கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பாதி மலை ஏறித் திரும்பிவிட்டோம். மூன்றாவது, இந்தப் பங்குனிக் கடைசியில். தனியாக, அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன். வேறு பேச்சே கிடையாது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுச் சொல்லும் கதை அது. அடங்காத குதிரை பாராசாரி, உயிர்த்தோழன் மகமத்கான், அவன் குதிரை நீலவேணி, தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவந்த அந்தத் தோழமை, உத்தரவு கேட்கப் போனபோது 'வேண்டாம்' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்ட சிங்கவரம் ரங்கநாதர். சிங்கவரம் செஞ்சிக்குப் பக்கத்தில்தான், பல்லவர் குடைந்த குன்று. பாறையிலேயே செதுக்கிய 24 அடி நீளப் பெருமாள் அங்கே பள்ளிகொண்டிருக்கிறார். "இப்பவும் பாரு, தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்" என்பார் தாத்தா. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடும்.

வரலாற்றில் அவர் பெயர் தேஜ் சிங். மொகலாயர் சார்பில் செஞ்சியைக் காவல்காத்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். 1714-இல் தந்தை இறந்ததும் கோட்டையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பல ஆண்டுக் கப்பப் பாக்கியைக் கேட்டார். இவர் கொடுக்க மறுத்தார். ஐப்பசி பிறக்கும் முன்பே, அக்டோபர் 3 அன்று, சில நூறு குதிரை வீரர்களோடு ஆயிரக்கணக்கான படைக்கு எதிரே பாய்ந்து உயிரை விட்டார். வயது 22. அவருடைய இளம் மனைவி தீப்பாய்ந்தார். அந்தப் பெண்ணின் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை. கோட்டைக்குள் செட்டிகுளக் கரையில் ஒரு மேடை இருக்கிறது. இருவரையும் எரித்த இடம் என்கிறார்கள். நான் போன அன்று அதன் மேல் யாரோ இரண்டு செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள், வாடாமல் இருந்தது.

தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஏறத்தாழ பத்து மாதம். கதை கேட்டு வளர்ந்த எனக்கு வெகுநாள் வரை, அந்தக் கோட்டையைக் கட்டியதே அவர்தான் என்று எண்ணம். எங்கள் ஊரில் இன்றும் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே அந்த மலையில் கோட்டை இருந்திருக்கிறது.

ஊர் மரபு அதை ஆட்டிடையரிடமிருந்து தொடங்குகிறது. ஆனந்தக் கோன் என்பவர் ஆடு மேய்க்கும்போது மலைப் பொந்தில் புதையல் கிடைத்ததாம். அந்தப் பணத்தில் ஆள் சேர்த்து, 1190 வாக்கில் கமலகிரி என்ற குன்றில் சின்னக் கோட்டை கட்டி, ஆனந்தகிரி என்று தன் பெயரை வைத்தார். அதுதான் இன்றைய ராஜகிரி. பின்னால் வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றில் கட்டியது கிருஷ்ணகிரி. தெற்கே சந்திரகிரி. புதையல் கதையை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மலையின் ஒவ்வொரு பொந்தும், எந்தப் பாறைக்கடியில் கோடையிலும் ஈரம் இருக்கும் என்பதும், ஆடு மேய்ப்பவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்? கோட்டை கட்ட இடம் பார்த்தவர் ஓர் ஆட்டிடையர் என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அதற்குப் பிறகு விஜயநகரத்தார் காலம், அவர்களுடைய நாயக்கர்கள். இன்று நாம் பார்க்கும் கோட்டையில் பெரும்பகுதி அந்த நாயக்கர் காலத்தது. மூன்று குன்றையும் சேர்த்து வளைத்த மதில் 13 கிலோமீட்டர். உள்ளே அடங்கிய பரப்பு 11 சதுர கிலோமீட்டர். 1597-இல் இங்கே வந்த பிமெந்தா என்ற யேசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரிது என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுகலில் இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இன்று திருவண்ணாமலை பேருந்து அந்த நகரத்தின் நடுவே ஓடுகிறது. கண்டக்டர் "கோட்டை, கோட்டை" என்று குரல் கொடுக்கும்போது, ஜன்னலின் இரண்டு பக்கமும் பாறை. வண்டி நிற்பதே ஒரு பழைய நகரத்துக்குள்தான்.

சரி, மலைக்கு வருகிறேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் செஞ்சிக் குன்றுகள் மலை போலவே இருக்காது. யாரோ ராட்சசன் கூடை கூடையாக உருண்டைக் கற்களைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். யானை அளவு, வீடு அளவு, அதைவிடப் பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால்தான் கோட்டை கட்டியவர்களின் புத்தி புரியும். அவர்கள் மலையைச் சுற்றிச் சுவர் எழுப்பவில்லை. மலையே பாதிச் சுவராக இருந்தது. இடைவெளி இருந்த இடத்தை மட்டும் அடைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய பாறை, அதன் தோளிலிருந்து அடுத்த பாறையின் தோள்வரை பத்தடிச் சுவர், அப்புறம் மறுபடி பாறை. மதிலின் அடிக்கல் பாறையின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பொளிந்து உட்கார வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் இரண்டும் சேரும் கோட்டில் நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. உட்கார வைத்து எத்தனை நூறு மழைக்காலம் போயிருக்கும்!

இந்த இடத்தில்தான் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். குடும்பத்தோடு வந்தவர், பேரப்பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கல் உடைக்கிற வேலை பார்த்தவராம். படிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பாறையைக் காட்டினார். அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் இரண்டு விரல் நுழையும் அளவு, சாண் இடைவெளியில். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. ஆப்பு அடிப்பதற்காக உளியால் வெட்டிய குழிகள். வரிசையாக ஆப்பை இறக்கிப் பாறையைப் பிளப்பது பழைய முறை. அந்தப் பாறையில் குழி வெட்டியதோடு வேலை நின்றிருந்தது.

"ஏன் பெரியவரே, விட்டுட்டாங்க?" என்றேன்.

அவர் உள்ளங்கையைப் பாறை மேல் வைத்து, மாட்டைத் தடவுவது மாதிரி மெல்லத் தடவினார். "இங்க பாரு தம்பி, இந்தக் கோடு. குழி நேரா போகுது, கல்லோட ஓட்டம் சாஞ்சு போகுது. ஆப்பு அடிச்சிருந்தா கல்லு கோணலாப் பொளந்திருக்கும். பதினாலு குழி வெட்டின பின்னால யாரோ விவரமான ஆளு வந்து நிறுத்தியிருக்கான்."

ஒரு மேஸ்திரி ஒரு பகல் பொழுதில் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல் கல்லில் அப்படியே நிற்கிறது. அந்த மேஸ்திரியின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்கப் போவதில்லை. எனக்கு ராஜாக்கள் பெயர் எல்லாவற்றையும்விட அந்தப் பதினான்கு குழிகள் மனசில் தைத்துவிட்டன.

ஏறுவதற்கு முன்னால் கீழ்க்கோட்டையைச் சுற்றிவிடுவது நல்லது. இறங்கி வந்தபின் கால் ஒத்துழைக்காது. கல்யாண மகாலைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எட்டு அடுக்கு, உச்சியில் கூம்பு. சுற்றிலும் வளைவு வாசல்கள் கொண்ட முற்றம். பார்க்க மென்மையான கட்டடம். எனக்கு அதில் பிடித்தது சுவருக்குள் போகும் சுடுமண் குழாய். கோட்டைச் சுவருக்கு வெளியே 500 கெஜ தூரத்தில் இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாக இந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒரு குழாய் ஆறாம் அடுக்கு அறை வரை ஏறுகிறது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. உயரத்தில் தேங்கும் தண்ணீர் மூடிய குழாய்க்குள் இறங்கினால், மறுபடி தன் மட்டத்துக்கு ஏறப் பார்க்கும். அந்த ஒரு சூட்சுமம் போதும். ஆனால் அதற்குக் குயவர் வனைந்த குழாய் ஒவ்வொன்றும் அடுத்ததன் வாய்க்குள் கசியாமல் பொருந்த வேண்டும். நூற்றுக்கணக்கான மூட்டுகளில் ஒன்று கசிந்தாலும் மேலே தண்ணீர் போகாது.

பக்கத்திலேயே களஞ்சியம். தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரும்பாலானவர்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போங்கள். கண் பழக இரண்டு நிமிஷம் ஆகும். வெளியே அனல், உள்ளே முதுகில் வேர்வை குளிர்கிறது. ஓர் ஆள் நீட்டிப் படுத்தாலும் மிஞ்சும் அளவுக்குத் தடித்த சுவர்கள், மேலே வளைந்து மூடிய கூரை. வெளிப்புறப் படி வழியாகக் கூரைக்கு ஏறி, மேலிருந்து நெல்லைக் கொட்டுவார்கள். உள்ளே நின்று இருமினால் சத்தம் சுவரில் சுற்றிவிட்டு மெல்ல நம்மிடமே திரும்புகிறது. வெறும் நெல்லுக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று கல்லூரி நாளில் நினைத்தேன். முற்றுகை என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகு, அரண்மனையைவிட இது ஏன் உறுதியாகக் கட்டப்பட்டது என்று புரிந்தது.

அந்தச் சுவரில் ஆணியால் கீறிய பெயர்கள். இதயம், அம்பு, தேதி. நானூறு ஆண்டாகச் சுண்ணாம்பு உதிராமல் நின்ற இடத்தில் புதிதாகக் கீறிய கோட்டிலிருந்து மாவு கொட்டிக்கொண்டிருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அந்தப் பையனிடம் யாராவது முன்பே இந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் கீறியிருக்கமாட்டான்.

மலையடிவாரத்தில் நுழைவுச்சீட்டு பார்ப்பவர் "தண்ணி பாட்டில் இருக்கா? நேரத்தோட இறங்கிடுங்க" என்றார். மதியம் தாண்டினால் மேலே விடுவதில்லை. படிகள் நல்ல கருங்கற்படிகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று சாய்வு. குதிரை ஏற முடியாதபடி, கூட்டமாக ஓட முடியாதபடி வேண்டுமென்றே அப்படிப் போட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் நின்று கல்லை உருட்டிவிட ஓர் இடம். 20 படிக்கு ஒருமுறை நான் நின்றேன். தலையில் பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா என்னைத் தாண்டிப் போனார். கமலக்கண்ணி அம்மனுக்கு வாடிக்கையாகப் பூ கொண்டு போகிறவராம். "மெதுவா வா கண்ணு, மலை எங்கியும் போயிடாது" என்றார்.

அம்மன் கோயில் சின்னது. கோன்களுக்கும் முன்பிருந்தே மலையின் காவல் தெய்வம் அவள்தான் என்கிறார்கள். நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று கோட்டைக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கொரு பெயரும் வைத்தார்கள். பிஜப்பூர்க்காரர்களுக்கு இது பாதுஷாபாத், மொகலாயருக்கு நுஸ்ரத்கட். ஊர்க்காரர்கள் எல்லாக் காலத்திலும் செஞ்சி என்றே சொன்னார்கள். ஊர்க் காவல்தெய்வமான செஞ்சியம்மனால் வந்த பெயர் என்பது வழக்கு.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து கிடக்கிறது. தாண்டிக் குதிக்க முடியாத அகலம், எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும் ஆழம். முன்பு அதன் மேல் தூக்குப் பாலம் இருந்தது. பாலத்தை இழுத்துவிட்டால் உச்சிக்கோட்டை தனித் தீவு. ஒரு சில பேர் நின்றால் போதும், எத்தனை பெரிய படையையும் அந்தப் பிளவுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடலாம். இப்போது நிலையான பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் நடுவில் நின்றபோது கீழிருந்து வந்த காற்று சட்டையை முதுகோடு ஒட்ட வைத்தது.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, இன்னொரு களஞ்சியம், துருப்பிடித்த பீரங்கி. அதற்கப்புறம் வெறும் வானம்.

அங்கே உட்கார்ந்துதான் 1690-ஐப் பற்றி யோசித்தேன். சிவாஜி 1677-இல் செஞ்சியைப் பிடித்து அரண்களைப் பலப்படுத்தினார். அவர் இறந்த பிறகு, மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றுவிட, இளையவர் ராஜாராம் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் இதுதான். மராத்தா ராஜ்ஜியத்தின் தலைநகரமே சில ஆண்டுகள் நம் செஞ்சிதான். பின்னாலேயே மொகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் படையோடு வந்தார். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 ஜனவரியில்தான் முடிந்தது. நடுவில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து அடித்ததில், மொகலாயப் படை 1693-இல் வந்தவாசி வரை பின்வாங்க வேண்டியிருந்தது. பிறகு மறுபடி வந்து வளைத்தார்கள். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் இல்லை. வேலூர் வழியாக மகாராஷ்டிரத்துக்குத் தப்பிப் போய்விட்டார். எட்டு ஆண்டு! அவுரங்கசீப்பின் அத்தனை பணமும் ஆளும் இருந்தும்.

அதே கோட்டை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் ஒரே இரவில் விழுந்தது. மாலையில் வாசலை வெடிவைத்துப் பிளந்து நுழைந்தார்கள். விடியும்போது மூன்று குன்றிலும் அவர்கள் கொடி. பகலில் மேலே ஏறிப் பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கே இதை எப்படிப் பிடித்தோம் என்று ஆச்சரியமாக இருந்ததாம். சுவர் அதே சுவர். பிளவும் அதே பிளவு. ஆனால் உள்ளே இருந்தது, வெளியே தோற்று ஓடி வந்து ஒதுங்கிய ஒரு படை. யார் எந்த வாசலைக் காப்பது என்ற ஏற்பாடே இல்லை. முந்தைய எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு வாசலுக்கும் ஆள் இருந்தது, ஆளுக்கு நெல் இருந்தது, நெல்லை வேகவைக்கத் தண்ணீர் இருந்தது. கல்லை மட்டும் பார்த்து இது வெல்ல முடியாத கோட்டை என்று எழுதுகிறவர்கள் இந்த ஓர் இரவை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த இரவுதான் களஞ்சியத்தின் அருமையைச் சொன்னது.

1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஹைதர் அலியின் படை. அதோடு போர்க்கதை முடிந்தது. 1803-இல் தென்னாற்காடு கலெக்டர் மதில்களை இடித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். நல்லவேளை, யாரும் செய்யவில்லை. போர் போன பிறகும் கற்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கீழே வெங்கடரமண சுவாமி கோயிலில் அழகான தூண்கள் பல இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சித் தூண்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டு போனவை. கல்லூரி நாளில் எத்தனையோ மாலை அவற்றில் சாய்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். எங்கள் ஊர்க் கல் என்று தெரியாது. தெரிந்த பிறகு ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன். உப்புக்காற்றில் பொளியின் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருந்தது.

2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். மகிழ்ச்சிதான். கூட்டமும் கூடியிருக்கிறது.

சுனை.

உச்சியிலேயே வற்றாத ஊற்றும், அதற்குக் கீழே மழைத்தண்ணீரைத் தேக்கும் தொட்டிகளும் ராஜகிரியில் உண்டு. மொட்டைப் பாறையில் விழும் மழை எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கரை கட்டியிருக்கிறார்கள். காவலாளியிடம் கேட்டு அப்பா சொன்ன சுனையைக் கண்டுபிடித்தேன். இரண்டு பாறைகள் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், அடியில், நிழலுக்குள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பழகிய பிறகு கரும்பச்சையில் ஒரு மினுமினுப்பு. பங்குனிக் கடைசி, மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல். தண்ணீர் இருந்தது.

அதன்மேல் பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்தன. ஒரு சிப்ஸ் பாக்கெட் பாறையோடு ஒட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தேன். பிறகு காய்ந்த மரக்கிளை ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இழுக்க ஆரம்பித்தேன். அங்கே நின்றிருந்த இரண்டு பையன்கள் எதுவும் கேட்காமல் இறங்கி வந்து, ஒருவன் என் பையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் பாறையில் படுத்துக் கையை நீட்டி எடுத்தான். பதினொரு பாட்டில், மூன்று டம்ளர், அந்தப் பாக்கெட். பையில் அடைத்து வாயைக் கட்டினோம். கடைசியாக நான் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை முங்கும் வரை போயும் அடி தட்டவில்லை. வெளியே பாறை சுட்டுக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கை விறைத்தது.

வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. அப்பா சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"இருந்துதா?"

"இருந்துச்சுப்பா. முழங்கை வரைக்கும் விட்டேன், தரை தட்டலை."

"குடிச்சியா?"

"இல்லப்பா. பாட்டில்லாம் கிடந்துது. எடுத்துப் போட்டுட்டு வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூடியெல்லாம் எடுத்தியா? பாட்டில் மிதக்கும். மூடி அடியில போயி ஊத்துக்கண்ணுல உக்காந்துக்கும்."

மூடிகளை நான் எண்ணவில்லை. அதைச் சொன்னேன்.

"பரவால்ல. சித்திரையில திருவிழாவுக்குப் போவல்ல, அப்ப எடு. மாட்டுக்கொட்டாய் மேல பழைய மூங்கில் கொம்பு ஒண்ணு இருக்கு பாரு, நீளமா. அது முனையில வலை கட்டித் தரேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.